வற்றியது வீக்கம், வந்ததா பார்வை?

"வீக்கம் வத்தட்டும், பார்வை தானா வந்துடும்."

சர்க்கரை நோயால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வருகிறவர்களிடம் கண் மருத்துவமனைகளில் ஓயாமல் சொல்லப்படும் வாக்கியம் இது. விழித்திரை மருத்துவனான நானும் பல ஆண்டுகள் இதைச் சொல்லியிருக்கிறேன், மனதார நம்பியே சொல்லியிருக்கிறேன். ஊசிக்கு முன் எடுத்த ஸ்கேனையும் பின் எடுத்த ஸ்கேனையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேடாகப் புடைத்திருந்தது தட்டையாகிவிட்டதைக் காட்டி, "பாருங்கம்மா, 520 இருந்தது 290 ஆயிடுச்சு" என்பேன். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மா ஒருவர் தலையாட்டவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்பர் குறைஞ்சிட்டுன்னு சொல்லுதீங்க. எனக்கு நூலு தெரிய மாட்டேங்கே, சார்" என்றார்.

ஸ்கேன் ஒன்றைச் சொன்னது, அவர் கண் வேறொன்றைச் சொன்னது. நான் ஸ்கேன் பக்கம் நின்றேன். "கொஞ்ச நாள் போகட்டும்மா, தெரியும்" என்று அனுப்பிவைத்தேன். நாள் போனது. நூல் தெரியவில்லை.

அந்த வாக்கியத்தை மறுக்கவே இதை எழுதுகிறேன். அதற்கு உடன்பிறந்த வாக்கியம் ஒன்றும் உண்டு: "மூணு ஊசி போட்டும் முன்னேற்றம் இல்லைன்னா, இனிமே போட்டுப் பிரயோஜனம் இல்லை." ஒன்று ஆசை காட்டுகிறது, மற்றொன்று கையை விரிக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து கிளைத்தவை. விழித்திரையின் தடிமனையும் முதல் சில வாரங்களின் போக்கையும் பார்த்தால், ஒருவருக்குப் பார்வை எவ்வளவு திரும்பும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை. அது பிழை. பிழை என்பதோடு நிற்காமல், திரும்பியிருக்கக்கூடிய பார்வையைத் திரும்பவிடாமல் செய்யும் வலிமையும் அதற்கு இருக்கிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சிறியதல்ல.

விழித்திரையின் நடுவிலுள்ள மாகுலா என்ற சின்னஞ்சிறு பகுதிதான் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், எதிரில் வருபவரின் முகத்தை அடையாளம் காணவும் நமக்கு உதவுகிறது. நீண்டநாள் சர்க்கரை அங்குள்ள மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த திசு வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது குழாய்களை இன்னும் கசியவைக்கிறது. கசிந்த நீர் மாகுலாவில் தேங்கி வீங்குகிறது. ஒரு காலத்தில் இதற்கு லேசர்தான் மருந்து. 1985-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, லேசர் செய்தால் கணிசமான பார்வை இழப்பு பாதியாகக் குறையும் என்று காட்டியது. அது பெரிய வெற்றி. ஆனால் இருக்கிற பார்வையைக் காப்பதுதான் அன்றைய இலக்கு. போனது திரும்பும் என்று யாரும் அதிகம் எதிர்பார்க்கவில்லை.

பிறகு இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 1991-இல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலானோர் ஓ.சி.டி. ஸ்கேன் முறையை 'சயன்ஸ்' இதழில் அறிவித்தார்கள். கண்ணைத் தொடாமலேயே, ஒளியைக் கொண்டு, விழித்திரையைக் குறுக்காக வெட்டிப் பார்த்ததுபோன்ற படம் கிடைத்தது. அடுத்து, வி.இ.ஜி.எஃப். புரதத்தை முடக்கும் மருந்துகள் வந்தன. பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் அடுத்த ஆண்டே கண்ணுக்குள் செலுத்தப்பட்டது. ராணிபிசுமாப் 2006-இல் முதுமை சார்ந்த மாகுலா நோய்க்கும், 2012-இல் சர்க்கரையால் வரும் மாகுலா வீக்கத்துக்கும் அங்கே அனுமதி பெற்றது. ஊசி போட்ட சில வாரங்களில் வீக்கம் வடிவதைக் கருவி மைக்ரான் கணக்கில் காட்டியது. அதற்குமுன் கண்ணாடி வில்லை வழியே உற்றுப் பார்த்து "கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று உத்தேசமாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பதைச் சொல்லி மாளாது.

வீக்கம் தீங்கானது என்பதிலோ, அதை வடியவைக்க வேண்டும் என்பதிலோ எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நூறு கண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், வீக்கம் வடிந்தவற்றில் பார்வை கூடியிருக்கும். சிக்கல் அடுத்த அடியில் தொடங்குகிறது. நூறு கண்களின் கதையை எடுத்து, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண்ணுக்கு ஜாதகமாக எழுதிவிடுகிறோம்.

அந்த ஜாதகத்தின் பலம் எவ்வளவு என்று அளந்திருக்கிறார்கள். டி.ஆர்.சி.ஆர். என்ற அமெரிக்க விழித்திரை ஆய்வு வலையமைப்பு, மாகுலா வீக்கமுள்ள 251 கண்களில் தடிமனையும் பார்வையையும் ஒப்பிட்டு 2007-இல் முடிவை வெளியிட்டது. இரண்டும் அச்சுப்பிசகாமல் பொருந்தினால் 1, பொருத்தமே இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டால், கிடைத்த பொருத்தம் 0.52. புள்ளியியல் கணக்கில் இதன் பொருள், ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான பார்வை வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் தடிமன் விளக்குகிறது என்பது. மீதி முக்கால் பங்குக்கு வேறு காரணங்கள். ஒரே தடிமனுள்ள கண்களில் நல்ல பார்வையும் இருந்தது, மோசமான பார்வையும் இருந்தது. சிகிச்சைக்குப் பின் தடிமன் குறைந்தும் பார்வை மங்கிய கண்கள் இருந்தன, தடிமன் கூடியும் பார்வை தெளிந்த கண்கள் இருந்தன. பார்வையை அளப்பதற்குப் பதிலாகத் தடிமனை அளந்துகொள்ளலாம் என்று நினைக்க முடியாது என்பதே ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த முடிவு.

அதே ஆய்வு இன்னொரு கணக்கும் தந்தது. 100 மைக்ரான் தடிமன் வித்தியாசத்துக்குப் பார்வையில் ஏறக்குறைய 4.4 எழுத்து வித்தியாசம். ஆய்வுகளில் பயன்படும் எழுத்துப் பலகையில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்துகள். பீடி சுற்றும் அம்மாவுக்கு 230 மைக்ரான் குறைந்ததே, அந்தக் கணக்கை அப்படியே வைத்தால்கூட சராசரியாக இரண்டு வரி. அந்தச் சராசரியின் இருபுறமும் கண்கள் வெகுதூரம் சிதறிக் கிடக்கின்றன. திரையில் மலை சமவெளியாகியிருந்தது. அதைக் காட்டி நான் அவருக்குக் கொடுத்த வாக்குக்கு இந்தச் சிறு பொருத்தம்தான் அடித்தளம்.

2015-இல் வெளியான அதே வலையமைப்பின் மற்றோர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. 660 பேரை மூன்றாகப் பிரித்து அஃப்லிபர்செப்ட், பெவாசிசுமாப், ராணிபிசுமாப் ஆகிய மூன்று மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். வீக்கத்தை வற்றவைப்பதில் பெவாசிசுமாப் தெளிவாகப் பின்தங்கியது. 24 வாரங்கள் கழித்தும் வீக்கம் நீடித்த கண்கள் அஃப்லிபர்செப்ட் பிரிவில் 31.6 சதவீதம், பெவாசிசுமாப் பிரிவில் 65.6 சதவீதம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. "வற்றினால் வரும்" என்பது விதியானால், பார்வையிலும் அந்த இடைவெளி இருந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வையுடன் வந்தவர்களுக்கு ஓராண்டில் கூடிய எழுத்துகள் இவை: அஃப்லிபர்செப்ட் 8.0, பெவாசிசுமாப் 7.5, ராணிபிசுமாப் 8.3. ஈரம் இரண்டு மடங்கு தங்கியும் பார்வையில் வேறுபாடு இல்லை.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். 6/15 அல்லது அதைவிட மோசமான பார்வையுடன் வந்தவர்களில் அஃப்லிபர்செப்ட் முந்தியது. அங்கே கூடுதல் 18.9 எழுத்துகள், மற்ற இரண்டில் 11.8-உம் 14.2-உம். மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது இது பெரிய வேறுபாடு, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இதுவும் என் வாதத்தின் பக்கமே நிற்கிறது. எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது எவ்வளவு கூடும் என்பதை மாற்றிவிடுகிறது. முதல் வரிகள் மட்டுமே தெரிந்த கண்ணுக்கு ஏறப் படிகள் நிறைய இருக்கின்றன. கடைசி வரியை நெருங்கிவிட்ட கண்ணுக்கு ஏறுவதற்கு இடமே இல்லை. அந்தத் தொடக்கப் பார்வை ஸ்கேனில் இல்லை. எழுத்துப் பலகையின் முன் நோயாளி உட்கார்ந்து வாய்விட்டுப் படித்ததில்தான் இருக்கிறது.

2019-இல் இன்னொரு ஆய்வு. மாகுலாவில் வீக்கம் இருக்கிறது, ஆனால் பார்வை 6/7.5 அல்லது அதைவிட நன்றாக இருக்கிறது. இப்படிப்பட்ட 702 பேரில் ஒரு பிரிவினருக்கு உடனே ஊசி, ஒரு பிரிவினருக்கு லேசர், மூன்றாவது பிரிவினரை விடாமல் கண்காணித்து, பார்வை இறங்கினால் மட்டும் ஊசி. இரண்டாண்டு முடிவில் ஐந்தோ அதற்கு மேலோ எழுத்துகளை இழந்தவர்கள் முறையே 16, 17, 19 சதவீதம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. வீக்கம் இருந்த கண்ணை ஒழுங்காகக் கண்காணித்துக் காத்திருந்ததால் பார்வை கெட்டுவிடவில்லை. ஸ்கேனின் மேடே பார்வையின் விதி என்றால் இது எப்படி நடக்கும்?

ஏன் இப்படி என்பதற்கு விடை கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் மூழ்கிப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிடுவது அவசரம், அவசியம். ஆனால் தண்ணீர் வடிந்துவிட்டது என்பதாலேயே பயிர் பிழைத்துவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது, நட்டு எத்தனை நாளான பயிர், வேர் அழுகியதா, இதற்குமுன் எத்தனை முறை மூழ்கியது என்று கேட்பார். வயலில் குச்சியை நட்டுத் தண்ணீரின் ஆழத்தை அளந்தால் அது தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும்.

தடிமன் என்ற எண் அந்தக் குச்சிதான். மாகுலாவின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் விழித்திரை எவ்வளவு தடித்திருக்கிறது என்ற சராசரி அது. ஒளியை வாங்கும் செல்கள் உயிருடன் இருக்கின்றனவா, வாங்கிய செய்தியை மேலடுக்குக்குக் கடத்தும் செல்கள் அறுந்துவிட்டனவா, நடுப்பகுதிக்கு ரத்தம் ஊட்டும் நுண்குழாய்கள் அடைபட்டுவிட்டனவா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. சில சமயம் அது ஏமாற்றவும் செய்யும். செல்கள் அழிந்து மெலிந்துபோன விழித்திரையில் சிறிது நீர் கோத்தால், மெலிவும் வீக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தாளில் இயல்பான எண் அச்சாகும். எண்ணை மட்டும் படிப்பவர் அதை ஆரோக்கியமான கண் என்பார்.

அதே ஸ்கேனின் படத்தைப் பொறுமையாகப் படித்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். ஒளியுணர் செல்களின் அடுக்கைக் காட்டும் வெளிர்க்கோடு தொடர்ந்து ஓடுகிறதா, நடுநடுவே அறுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பாஸ்டனிலுள்ள ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தில் ஜெனிஃபர் சன்னும் அவருடைய குழுவினரும் 2014-இல் மற்றொன்றைக் கவனப்படுத்தினார்கள். உள்ளடுக்குகளின் எல்லைகள் ஒன்றோடொன்று கலங்கிப்போயிருக்கும் பரப்பு முதல் நான்கு மாதங்களில் கூடுகிறதா குறைகிறதா என்பது எட்டாவது மாதப் பார்வையோடு தொடர்புடையது என்று கண்டார்கள். எண்ணை விட்டுவிட்டுப் படத்தைப் படிக்கச் சொல்லும் இத்தகைய ஆய்வுகள் மதிக்கத்தக்கவை. ஆனால் இவையும் வாய்ப்பைத்தான் சொல்கின்றன, வாக்குக் கொடுப்பதில்லை.

தண்ணீருக்கும் பயிருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மிகத் துயரமான சான்று ரைஸ், ரைட் என்ற இரட்டை ஆய்வுகளில் இருக்கிறது. ஒரு பிரிவினருக்குத் தொடக்கம் முதலே மாதந்தோறும் ராணிபிசுமாப் ஊசி. இன்னொரு பிரிவினருக்கு இரண்டு ஆண்டுகள் ஊசி போடுவதுபோன்ற பாவனை மட்டும், தேவைப்பட்டால் லேசர். மூன்றாம் ஆண்டில் அவர்களுக்கும் உண்மையான மருந்து கொடுக்கப்பட்டது. வீக்கம் மளமளவென்று வடிந்தது, முதலிலிருந்தே ஊசி பெற்றவர்களின் அளவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. பார்வை வரவில்லை. 36 மாத முடிவில் 15 எழுத்துகளோ அதற்கு மேலோ மீட்டவர்கள், முதலிலிருந்து ஊசி பெற்ற பிரிவுகளில் 36.8 முதல் 51.2 சதவீதம் வரை. தாமதமாகப் பெற்றவர்களில் ஓர் ஆய்வில் 19.2, மற்றதில் 22.0 சதவீதம்தான். வற்றியது ஒரே அளவு, மீண்டது பாதி. இந்த ஒரு முடிவைப் படித்த பிறகும் "வீக்கம் வத்தட்டும், பார்வை தானா வந்துடும்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி இரண்டாவது வாக்கியம், கையை விரிக்கும் வாக்கியம். இதைப் பற்றி நான் அதிகக் கோபத்தோடு பேசுகிறேன் என்று தோன்றினால் அது சரிதான்.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2016-இல் வந்த ஒரு மறுபகுப்பாய்வு. ராணிபிசுமாப் ஆய்வொன்றின் தரவுகளை எடுத்து, மூன்று ஊசிகளுக்குப் பின் 12-ஆவது வாரத்தில் ஐந்து எழுத்துகூடக் கூடாதவர்கள் 39.7 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அந்தப் பிரிவினர் அடுத்த ஆண்டுகளிலும் சராசரியாகப் பின்தங்கியே இருந்தார்கள். இதிலிருந்து "மூன்றில் தெரியாதது முப்பதிலும் தெரியாது" என்ற பாடத்தைப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பாடம் மூன்று இடங்களில் தவறுகிறது. ஒன்று, ஏற இடமில்லாத கண்களும் ஏறாத கண்களும் அந்தப் பிரிவில் சேர்ந்தே கிடக்கின்றன. நல்ல பார்வையோடு தொடங்கியவர் ஐந்து எழுத்து கூடவில்லை என்றால் மருந்து தோற்றது என்று பொருளில்லை. இரண்டு, எழுத்துப் பலகையில் அதே மனிதரை அதே வாரம் மறுபடி சோதித்தாலே ஒரு வரி முன்னும் பின்னும் போகும். தூக்கம் கெட்ட இரவு, கண் வறட்சி, அன்றைய சர்க்கரை அளவு எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு நாளின் அளவை வைத்து ஆயுள் தீர்ப்பு எழுதக் கூடாது. மூன்று, மூன்று மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வின் தரவுகளை 2018-இல் இதே கேள்வியோடு ஆராய்ந்தபோது, 12 வாரத்தில் சரியாக முன்னேறாத கண்கள் பலவும் தொடர்ந்து சிகிச்சை பெற்று, இரண்டாண்டு முடிவில் பயனுள்ள பார்வையை அடைந்திருந்தன. தொடக்கப் போக்குக்கும் இறுதிப் பார்வைக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது கதவை மூடும் அளவுக்கு உறுதியான தொடர்பில்லை. அந்த ஆய்வுகளின் விதியே கவனிக்கத்தக்கது. கண் முழுதும் தெளிந்துவிட்டாலொழிய, 24 வாரம் வரை ஊசியை நிறுத்துவது பற்றிய பேச்சே அதில் இல்லை.

இத்தனையும் காகிதத்தில் நடக்கும் வாதம். மருத்துவர் அறையில் நடப்பது வேறு. "இனிமே பிரயோஜனம் இல்லை" என்று மருத்துவர் சொன்னதும் நோயாளி வருவதை நிறுத்திவிடுகிறார். வராததால் ஊசி இல்லை, ஊசி இல்லாததால் வீக்கம் ஏறுகிறது, செல்கள் சாகின்றன. ஓராண்டு கழித்து அடுத்த கண்ணுக்காக வரும்போது பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்து, "அப்பவே சொன்னேன் பாத்தீங்களா" என்கிறோம். சொன்னதாலேயே பலித்த ஜோசியம் அது. வானிலை அறிக்கை மழையை வரவைப்பதுமில்லை, தடுப்பதுமில்லை. மருத்துவரின் கணிப்போ நோயாளியின் காலை மருத்துவமனைப் பக்கம் திருப்பும், அல்லது வீட்டுப் பக்கம் திருப்பும். தன் சொல்லே விளைவை உண்டாக்கும் இடத்தில் இருப்பவர், பார்த்ததைச் சொல்பவர் மட்டுமே என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆசை வாக்கியமும் இதே வேலையைத்தான் செய்கிறது, வேறு வழியில். "வற்றிவிட்டது, இனி தானா வரும்" என்று கேட்டவர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். அந்த மருந்து கண்ணுக்குள் சில வாரங்கள்தான் வேலை செய்யும், கசிவை உண்டாக்கிய சர்க்கரை உடலில் அப்படியே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. மூன்று மருந்து ஆய்வில் முதல் ஆண்டில் ஒருவருக்குப் போடப்பட்ட ஊசிகள் ஒன்பதோ பத்தோ. நம் ஊரில் ஒன்பது முறை வருவது என்றால் என்ன? சொட்டு மருந்து விட்டால் அன்று முழுவதும் கண் கூசும் என்பதால் துணைக்கு ஒருவர் வேண்டும். இரண்டு பேரின் கூலி போகும். விடியற்காலைப் பேருந்து, ஊசிக்கான காசு, மகனிடமோ மருமகளிடமோ மறுபடியும் கேட்க வேண்டிய சங்கடம். பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் இந்தப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓ.சி.டி. கருவிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

கருவிக்குத் தெரியாததைக் கணினி கற்றுக்கொள்ளும் என்று இப்போது புதிதாகச் சொல்கிறார்கள். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றுடன் சேர்ந்து, விழித்திரைப் புகைப்படத்தைப் பார்த்தே சர்க்கரைப் பாதிப்பைக் கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அத்தனை பேரின் கண்களையும் பார்க்க மருத்துவர்கள் போதாது, எனவே அந்தக் கருவியை நான் இரு கை நீட்டி வரவேற்கிறேன். ஆனால் இன்று இந்தப் படத்தில் நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. ஓராண்டு கழித்து இவருக்கு எத்தனை எழுத்து தெரியும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்கு விடை படத்திலேயே இருக்கிறது. இரண்டாவதற்கான விடையின் பெரும்பகுதி இன்னும் நடக்கவே இல்லை. ஒழுங்காக நடத்தப்பட்ட மருந்து ஆய்வுகளின் தரவுகளிலிருந்து கணினி கற்றால், நான்கு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தவர்களின் எதிர்காலத்தைத்தான் கற்கும். மழைக்காலத்தில் பேருந்து வராததால் இரண்டு ஊசி தவறியவரின் எதிர்காலம் அதில் இருக்காது.

என்னோடு பணியாற்றும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் எனக்குத் தெரியும். "நோயாளிக்கு உறுதியான சொல் வேண்டாமா? தெரியாது என்று சொன்னால் பயந்து ஓடிவிட மாட்டாரா?" என் அனுபவம் அப்படி இல்லை. நடக்காத வாக்கைக் கேட்டவர்தான் ஓடுகிறார். இரண்டாவது ஊசிக்குப் பின்னும் நூல் தெரியாதபோது, மருத்துவர் பொய் சொல்லிவிட்டார் என்றோ மருந்து போலி என்றோ முடிவு கட்டிவிடுகிறார். "சிலருக்கு நல்லா வரும், சிலருக்கு இருக்கிறது காப்பாத்தப்படும், உங்களுக்கு எப்படின்னு ஆறு மாசத்துல கொஞ்சம் தெளிவாத் தெரியும், அதுவரைக்கும் விடாம வாங்க" என்று கேட்டவர் வருகிறார். நிச்சயமின்மையைத் தாங்கும் வலு நம் மக்களுக்கு உண்டு. மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள் அவர்கள்.

"அப்படியானால் முடிவில்லாமல் ஊசி போட்டுக்கொண்டே இருப்பதா? ஏழையின் காசை உறிஞ்சுவதா?" நியாயமான கேள்வி. இல்லை என்பதே பதில். நிறுத்துவதற்கும் நெறி உண்டு. முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் போட்ட பின், அடுத்தடுத்த இரண்டு ஊசிகளில் பார்வையிலும் வீக்கத்திலும் மாற்றமே இல்லை என்றால் இடைவெளி விடலாம், கண்காணிக்கலாம், மருந்தை மாற்றலாம், ஸ்டீராய்டோ லேசரோ பொருந்துமா என்று பார்க்கலாம். நடுப்பகுதியின் ரத்த ஓட்டமே அடைபட்டுவிட்ட கண் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லலாம், சொல்ல வேண்டும். நான் எதிர்ப்பது முடிவெடுப்பதை அல்ல. பாதி வழியில், ஒற்றை எண்ணைப் பார்த்து, முழுக் கதையும் தெரிந்ததுபோல் முடிவெடுப்பதை.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஸ்கேன் அறிக்கையில் மைக்ரான் எண்ணுக்குப் பக்கத்திலேயே அன்று படித்த எழுத்துகளும் இருக்கட்டும், இரண்டையும் சேர்த்தே நோயாளிக்குச் சொல்வோம். தூரப் பார்வையோடு நின்றுவிடாமல் கிட்டப் பார்வையையும் சோதிப்போம், ஏனென்றால் பெரும்பாலோரின் பிழைப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் நடக்கிறது. முதல் நாளே "எவ்வளவு நாளா மங்கலாத் தெரியுது" என்பதோடு "என்ன வேலை பாக்கீங்க, கூட யார் வருவாங்க, மாசா மாசம் வர முடியுமா" என்றும் கேட்போம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் பற்றிய தாள்களைக் கண்ணோடு சம்பந்தமில்லாதவை என்று ஒதுக்காமல் பார்ப்போம். கணிப்பு சொல்லியே ஆக வேண்டுமென்றால், ஒரு புள்ளியைச் சொல்லாமல் ஓர் எல்லைக்கும் இன்னோர் எல்லைக்கும் நடுவே என்று சொல்வோம், அதில் எவ்வளவு அவர் கையிலும் நம் கையிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

பீடி சுற்றும் அம்மா அடுத்த முறை வந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நூல் தெரியும் என்று நான் உறுதி சொன்னது தப்பு என்றேன். தொடர்ந்து ஊசி போட்டால் கூடலாம், கூடாமலும் போகலாம், நிறுத்தினால் இருப்பதும் குறைய வாய்ப்பு அதிகம் என்று உள்ளதைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "வாரேன் சார்" என்றார். "வரும்போது உங்க தட்டைக் கொண்டு வாங்கம்மா" என்றேன்.

கொண்டு வந்தார். முறம்போன்ற தட்டில் வெட்டிய இலை, தூள், நூல்கண்டு. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து ஒரு பீடி கட்டச் சொன்னேன். விரல் பழக்கத்தில் சுற்றிவிட்டார். நூலை இரண்டு முறை தடவித் தேடி, மூன்றாவது முறை முடிச்சுப் போட்டார். அன்று அவருடைய கோப்பில் மைக்ரான் எண்ணுக்கு மேலே எழுதியது இது: "நூல், மூன்றாவது முயற்சியில்." அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் அந்த வரியை முதலில் நிரப்பிவிட்டுத்தான் ஸ்கேனைத் திறக்கிறேன். ஆறாவது ஊசிக்குப் பிறகு அந்த இடத்தில் "இரண்டாவது முயற்சியில்" என்று இருக்கிறது. முதல் முயற்சிக்கு வருமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு போனார்.